பெயர் தெரியாத கருவி

ஈச்சங்கரை பஞ்சாயத்து அலுவலகத்துக் கம்ப்யூட்டர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நீலமாகி அணைந்து, திரும்ப எழும்பும். அது எழும்புகிற நாற்பது விநாடியும் ஊர் அப்படியே நிற்கும். டீக்கடையில் ஆற்றுகிற டீ இரண்டு டம்ளருக்கும் நடுவில் கயிறு மாதிரித் தொங்கும், ஆடு கடித்த புல் பாதி வாயில் நிற்கும், புருஷனைத் திட்ட ஆரம்பித்தவளுக்கு வார்த்தை பல்லுக்குப் பின்னால் காத்திருக்கும், பிறகு திரை வெளுத்ததும் எல்லாம் விட்ட இடத்திலிருந்து தொடரும். இதில் யாருக்கும் பெரிய வருத்தமில்லை. ஊர்க் கடிகாரங்கள் நாளொன்றுக்கு அரை மணி பின்தங்கின, அதைக் காலையில் முதல் பஸ் வரும்போது எல்லாரும் நேராக்கிக்கொண்டார்கள். பஸ் டிரைவரும் பழகிவிட்டார். ஊர் எல்லையில் நின்று பார்ப்பார், ஒரு கோழிகூட அசையவில்லையென்றால் பீடி ஒன்று பற்றவைத்துக்கொள்வார்.

நிற்காத இடம் ஊரில் ஒன்றுதான், அது கம்ப்யூட்டர் இருந்த அறை. எழும்புகிறபோது ஒரு பட்டனை அழுத்த ஆள் வேண்டுமே, அதனால் முத்துப்பேச்சி நிற்கமாட்டாள். பன்னிரண்டாவது முடித்து, டவுனில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து, அந்த நாற்காலிக்கு வந்தவள். அவளோடு சிட்டுவும் நிற்காது. சிட்டு அவளுடைய எட்டு மாதப் பிள்ளை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற அவள் புருஷன் சுடலைமணி எண்கணிதம் பார்த்து தன்ஷிகா என்று வைத்தான்; ஊரில் ஒருத்தர் வாயிலும் அது நுழையாமல் சிட்டு என்றே ஆகிவிட்டது. அறையின் உத்தரத்தில் பழைய சேலையில் தூளி கட்டி, அதில் பிள்ளையைப் போட்டுவிட்டுத்தான் முத்துப்பேச்சி வேலை பார்ப்பாள். அந்த நாற்பது விநாடியில் ஊரில் மூச்சு விடுகிறவர்கள் இரண்டே பேர். வெளியே ஒரு இலை ஆடாது. தூளிக்குள்ளிருந்து பிள்ளையின் மூச்சு மட்டும் வந்துகொண்டிருக்கும், முத்துப்பேச்சி அதைக் கேட்டபடி பட்டனில் விரலை வைத்துக் காத்திருப்பாள்.

இப்படியே போயிருக்கும், வீட்டுமனைப் பட்டாவுக்கான பட்டியல் வராமல் இருந்திருந்தால்.

"ஏளா, வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள இருநூத்திப் பன்னெண்டு குடும்பம் ஏறணும். இந்தப் பெட்டி ஒரு பேர ஏத்தி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு தடவ சாவுது. என்ன செய்யப் போற?" என்று கேட்டாள் பஞ்சாயத்துத் தலைவர் உடையம்மாள்.

"வைத்தியம் பாக்க வேண்டியதுதான் தலைவரக்கா. சீக்காளிய வச்சிக்கிட்டு எம்புட்டு நாள் ஓட்ட?"

டவுனில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற ஜெபராஜ் அண்ணாச்சிக்குப் போன் போட்டாள். அவருக்கு இந்த வாரம் முழுக்க ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை, வர முடியாது.

"நீயே பாரு, நான் சொல்லுதேன். ஆனா ஒண்ணு. ஒரு நேரத்துல ஒண்ணுதாம்மா. ஒண்ண மாத்து, பத்து நிமிஷம் பொறு, சரியாகலேன்னா அத பழையபடி வச்சிட்டு அடுத்ததுக்குப் போ. மாத்துனத நோட்டுல எழுதி வை. ரெண்ட ஒண்ணா மாத்துனேன்னு வையி, எதால சரியாச்சு எதால கெட்டுச்சுன்னு ஆண்டவருக்கும் தெரியாது."

திங்கட்கிழமை முத்துப்பேச்சி பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பெயிண்ட் அடிக்கிற பிரஷ்ஷால் விசிறித் தூசியைத் தட்டினாள். ஊரில் கரிசல் புழுதி எழுந்து கொடியில் காய்ந்த துணியெல்லாம் கறுத்தது. அடுத்து சத்தத்துக்கான டிரைவரை, அதாவது சத்தத்தை ஓட்டுகிற புரோகிராமை, நிறுத்தினாள். உடனே ஊரில் சத்தம் நின்றது. பதினோரு நிமிஷம் மாடு வாயைத் திறந்து மூடியது, மணி ஆடியது, எதுவும் கேட்கவில்லை. மறுபடி ஓடவிட்டதும் மூன்று தெருவிலிருந்தும் ஆட்கள் வந்து, முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான் என்று உடையம்மாள் அன்று மாலையே கரண்டு கட் பண்ணுகிறவர்கள் ஒட்டுகிற மாதிரி ஒரு அறிவிப்பு ஒட்டினாள்: 'மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாக நாளை காலை பத்து மணி முதல் பதினொன்று வரை ஊரில் தூரம் இருக்காது. பொதுமக்கள் ஒத்துழைக்கவும்.'

அறிவித்தபடியே செவ்வாய்க்கிழமை திரையில் தெரிகிற படத்துக்கான டிரைவரைக் கழற்றி, கம்ப்யூட்டரோடு வந்த சாதா டிரைவரில் ஓட்டினாள். திரை சுருங்கியது, மேற்கே இருந்த மலையும் கடைசித் தெருவும் காணாமல் போயின. பதினொரு மணிக்கு எல்லாம் திரும்ப வந்தபோது, கடைசித் தெருக்காரர் சங்கரலிங்கம் வேட்டியை மடித்துக்கட்டியபடி அலுவலகத்துக்கு வந்தார்.

"நாங்க உள்ளதான் இருந்தோம் முத்து. வாசலத் தாண்டித்தான் ஒண்ணுமே இல்ல. கால நீட்டிப் பாத்தேன், கால் போன இடத்துல காலும் இல்ல."

"இப்ப இருக்கா பெரியப்பா?"

குனிந்து பார்த்தார். "இருக்கு."

"அப்பச் சரி. வலிச்சா சொல்லுங்க."

எல்லாவற்றையும் நோட்டில் எழுதினாள். பெட்டி மட்டும் தேறவில்லை.

புதன்கிழமை காலை இன்னும் நூற்றுத் தொண்ணூறு பேர் பாக்கி. வாசலில் ஆதார் அட்டைகளோடு கூட்டம் நெருக்கியது. சிட்டுவுக்குப் பல் முளைக்கிற நேரம், தூளிக்குள் கத்திக்கொண்டே இருந்தது. ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டு மறுகையால் பெட்டியைத் திறந்து, உள்ளே அடுத்தடுத்து நின்ற இரண்டு ரேம் குச்சிகளில் ஒன்றை முத்துப்பேச்சி பிடுங்கினாள். கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது எதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமோ அதெல்லாம் அந்தக் குச்சிகளில்தான் இருக்கும் என்று படித்திருந்தாள். பிடுங்கினதை ஜெபராஜுக்குப் போனில் சொன்னாள், பேப்பரில் சுற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டாள், பெட்டியை ஓடவிட்டாள். அடுத்து அவள் பத்து நிமிஷம் பொறுத்திருக்க வேண்டும். கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. பொறுக்காமல் திரையில், பெட்டியோடு சேர்ந்த கருவிகளின் பட்டியலைத் திறந்தாள். அடியில் மஞ்சள் குறி போட்ட ஒரு வரி இருந்தது. அன்னோன் டிவைஸ் என்றிருந்தது, அதாவது என்ன கருவி என்று கம்ப்யூட்டருக்கே தெரியவில்லை. தெரியாதது எதற்கு என்று அதை நிறுத்தினாள்.

பிள்ளையின் அழுகை பாதியில் நின்றது. பாரம் இறங்கிய தூளி மெல்ல மேலே எழும்பி, ரெண்டு தடவை சும்மா ஆடி, நின்றது.

முத்துப்பேச்சி நிமிர்ந்து பார்த்தாள். ஆபீசில் யார் இப்படிச் சேலையைக் கட்டித் தொங்கவிட்டது என்று தோன்றியது. நல்ல வசதியாகத்தான் இருக்கிறது என்று, முடித்த விண்ணப்பங்களை அடுக்கி அதற்குள் வைத்தாள். நோட்டில் எதுவும் எழுதவில்லை.

பெட்டி ஓடியது. பத்து நிமிஷம் போயிற்று, இருபது போயிற்று, மதியம் வரைக்கும் ஒரு தடவைகூடத் திரை நீலமாகவில்லை. டீ முதன்முதலாக மேல் டம்ளரிலிருந்து கீழ் டம்ளருக்கு நிற்காமல் வந்து சேர்ந்ததைப் பார்க்க ஆட்கள் கடைக்குப் போனார்கள்.

உடையம்மாளுக்கு மட்டும் ஒரு கேள்வி இருந்தது. "இன்னைக்கு எதக் கழட்டுன?"

"பேரு தெரியாத ஒண்ண, தலைவரக்கா."

"அப்ப ஊர்ல எது போச்சு?"

தேடினார்கள். ஆட்டை எண்ணினார்கள், கோயில் மணியை எண்ணினார்கள், கல்யாணத்துக்கு இரவல் கொடுத்த அண்டாக்களை எண்ணினார்கள், தங்கள் வீட்டு ஆட்களை வரிசையாக நிற்கவைத்துத் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்கள். எல்லாம் சரியாக இருந்தது. சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஒரு குச்சியோடு ஊரின் நினைவில் பாதி மேசை இழுப்பறைக்குள் பேப்பரில் சுற்றிக் கிடந்தது. இருப்பதாக அவர்கள் நினைத்ததெல்லாம் இருந்தது. வரப்புச் சண்டையில் ஆறு வருஷமாகப் பேசாத அண்ணனும் தம்பியும் அன்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றார்கள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற பொன்ராணி, முத்துப்பேச்சிக்குப் பக்கத்து வீடு, முறைக்கு மைனி, கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளை இல்லாதவள், தினமும் வருகிற மாதிரியே குழையப் பிசைந்த பருப்புச்சோற்றோடு பதினொரு மணிக்கு வந்து, வாசலில் நின்று யோசித்தாள்.

"இத யாருக்குக் கொண்டாந்தேன் முத்து?"

"எனக்கா இருக்கும் மைனி."

"ஒனக்குப் பல்லு இருக்குல்லா, எதுக்கு இம்புட்டுக் குழையப் பிசைஞ்சேன்?" என்று சொல்லிக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்து அவளே தின்றாள்.

அன்றும் மறுநாளும் முத்துப்பேச்சியின் ஜாக்கெட் நனைந்தது. மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு வலித்தது. ஏதோ சீக்கு என்று நினைத்தாள். இந்த வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று உள்ளே ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டு, பெயர், தகப்பன் பெயர், கதவு எண் என்று அடித்துக்கொண்டே இருந்தாள். வியாழன் மதியம் எழுபத்திரண்டு பேர் மிச்சம் இருந்தபோது திருப்பூரிலிருந்து சுடலைமணி கூப்பிட்டான்.

"சாப்பிட்டியா? சிட்டு தூங்குதா?"

"எந்தச் சிட்டு?"

"ஆமா, ஊருல ஏழெட்டுச் சிட்டு. போனை அதுங்கிட்டக் காட்டு, பல்லு வந்துட்டான்னு பாக்கணும்."

"நீங்க யாரச் சொல்லுதீய?"

அடுத்து ஒரு போட்டோ வந்தது. முத்துப்பேச்சி அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தன்னுடைய பச்சைச் சேலைதான், தன்னுடைய வாசல்தான், தான்தான் சிரித்துக்கொண்டு நிற்கிறாள், இடுப்பில் ஒரு பிள்ளை.

"பிள்ள நல்லா இருக்கு. யாரு வீட்டுப் பிள்ள?"

"முத்து, விளையாடாத." அவன் குரல் இறங்கியது. "நம்ம பிள்ள. தன்ஷிகா. ஆவணி பத்தொம்பது பிறந்துச்சு. ஒனக்கு என்ன செய்யுது?"

தன்ஷிகா, பெண், ஆவணி பத்தொன்பது என்று விண்ணப்பம் நிரப்புகிற மாதிரியே ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டு அதைப் பார்த்தபடி இருந்தாள். அழுகை வருமா என்று பார்த்தாள், வரவில்லை.

ஜெபராஜைக் கூப்பிட்டாள்.

"நேத்து ஒரு ரேமக் கழட்டிட்டேன்னு நீதானம்மா சொன்ன," என்றார் அவர். "நெனப்பில்லையா? அதுக்கப்புறம் வேற எதையும் தொட்டியா?"

"பேரு தெரியாத ஒண்ண நிறுத்தினேன் அண்ணாச்சி."

"ரெண்ட ஒண்ணா மாத்திட்ட." பெருமூச்சு விட்டார். "கடைசியாச் செஞ்சத முதல்ல திருப்பு. திருப்பிட்டுப் பொறு."

முத்துப்பேச்சி திரும்பி வாசலில் நின்ற கூட்டத்திடம் விஷயத்தைச் சொன்னாள். எனக்கு ஒரு பிள்ளை இருந்திருக்கிறது, நேற்று அதை நான் நிறுத்திவிட்டேன், நீங்களும் தூக்கி வளர்த்த பிள்ளையாகத்தான் இருக்கும் என்றாள். போட்டோ கைமாறிப் போனது. எல்லாரும் பார்த்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. சங்கரலிங்கம் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"எழுபத்திரெண்டு பேரு நிக்கோம். முடிச்சிட்டுப் பாத்துக்கிடலாம் முத்து. இல்லாத பிள்ளைக்குப் பசிக்கவா போவுது?"

அவர் கெட்ட மனுஷர் இல்லை. போன வாரம்வரைக்கும் சிட்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் காட்டப் போனவர்.

"எனக்கும் நெனப்பு இல்ல பெரியப்பா. ஆனா பால் இருக்கு. பால் இருந்தா அதக் குடிக்க ஒரு வாய் எங்கயோ இருக்கணும்லா," என்று சொல்லிவிட்டு அந்த மஞ்சள் குறி வரியை ஓடவிட்டாள்.

தூளி தாழ்ந்தது. விண்ணப்பங்கள் நசுங்குகிற சத்தம் கேட்டது. புதன்கிழமை பாதியில் நின்ற அழுகை அந்தப் பாதியிலிருந்தே தொடர்ந்தது.

எடுத்துப் பால் கொடுத்தாள். பிள்ளை அவளை நன்றாகத் தெரிந்த மாதிரி தாலிக்கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல் அவள் முகத்தையே பார்த்துக் குடித்தது. முத்துப்பேச்சியும் பார்த்தாள். அயல் வீட்டுப் பிள்ளையிடம் சிரிக்கிற மாதிரிச் சிரித்துப் பார்த்தாள். பிள்ளை சிரிக்கவில்லை. பெட்டி நீலமாகவில்லை. பத்து நிமிஷம் பொறுத்தாள், இருபது பொறுத்தாள். அப்படியென்றால் பிள்ளை குற்றவாளி இல்லை, குச்சியில்தான் கோளாறு.

"குச்சி நல்லாக்கூட இருக்கலாம், அது நின்ன குழி கெட்டிருக்கும்," என்றார் ஜெபராஜ். "ரெண்டு குழி சும்மா கெடக்குல்லா. பழைய குழியில போடாத, பக்கத்துக் குழியில போட்டுப் பாரு."

அழிரப்பரால் குச்சியின் பல்லைத் தேய்த்து, பக்கத்துக் குழியில் அழுத்தினாள். பெட்டி அருமையாக எழும்பியது. நினைவும் எழும்பியது, பக்கத்தில். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் தொலைந்த நினைவு அடுத்த வீட்டில் போய் விழுந்தது. முத்துப்பேச்சிக்கு மழையில் நனைந்துகொண்டு முப்பது ஆட்டை ஓடையில் இறக்கியது ஞாபகம் வந்தது, எந்தக் கிடா முரண்டு பிடித்தது என்பதுகூட. அவை இன்னொரு பக்கத்து வீட்டு மூக்கையா மேய்த்த ஆடுகள். சாவியை எங்கே வைத்தோம் என்று கேட்க எல்லாரும் அடுத்த வீட்டுக்குப் போனார்கள், அவர்கள் அரிசிப் பானைக்குப் பின்னால் என்று சொன்னார்கள், அங்கே இருந்தது. அரை மணி நேரத்தில் ஊர் இதற்கும் பழகியது.

பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து பொன்ராணி ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"சிட்டு எங்க? முந்தாநேத்து ரெண்டு தடவ பேதி ஆச்சே." பிள்ளையை வாங்கி, இடது காதுக்குப் பின்னால் ஒரு விரலால் வருடினாள். எதற்கும் சிரிக்காத பிள்ளை சிரித்தது.

மிச்ச எழுபத்திரண்டு பேரும் அன்றைக்கும் மறுநாளும் ஏறினார்கள். அந்த நேரமெல்லாம் பொன்ராணி பிள்ளையோடு நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றாள், பசிக்கு முத்துப்பேச்சியிடம் கொடுத்தாள், குடித்ததும் வாங்கிக்கொண்டாள். ஒருத்தியிடம் பால் இருந்தது, ஒருத்தியிடம் பிள்ளை இருந்தது.

"இவ பிறந்த அன்னைக்கு என்னாச்சு மைனி?" என்று அடித்துக்கொண்டே கேட்டாள் முத்துப்பேச்சி.

"ஆம்புலன்ஸ் ரயில்வே கேட்ல நின்னுட்டு. கூட்ஸ் வண்டி. நாப்பத்தியொரு பெட்டி எண்ணினேன், நாப்பத்தி ரெண்டாவது போகையில இவ தல வந்துட்டு. நர்சுப் பிள்ள பயந்துபோச்சு, நான்தான் பயப்படாதன்னேன்." பொன்ராணி அடிவயிற்றைத் தொட்டாள். "இங்க இன்னும் இருக்கு முத்து, அந்த வலி."

முத்துப்பேச்சி அடுத்தவள் கதையாகத்தான் அதைக் கேட்டாள். நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நாலரைக்குக் கடைசிப் பெயர் ஏறியது. கூட்டம் கைதட்டி முடித்ததும் முத்துப்பேச்சி திருப்புளியை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் குந்தினாள்.

"என்ன செய்யுத?" என்றாள் உடையம்மாள்.

"குச்சியப் பழைய குழியிலயே போடப்போறேன் தலைவரக்கா."

"நல்லா ஓடுத பெட்டியத் தொடாத. பழையபடி பத்து நிமிஷத்துக்கு ஒருக்கச் சாவும். எங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல, பக்கத்து வீட்ல கேட்டுக்கிடுதோம்."

"சாவி எங்க இருக்குன்னு நீங்க பக்கத்து வீட்ல கேட்டுக்கிடலாம். எம்பிள்ளைய எனக்கு எம்புட்டுப் பிடிக்கும்னு நான் யார்ட்டப் போய்க் கேக்க?"

எல்லாரும் பொன்ராணியைப் பார்த்தார்கள். அவள் பிள்ளையைத் தோளில் சாய்த்து, ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றி மாற்றி, பிள்ளையைத் தூங்க வைக்கிறவர்கள் ஆடுகிற ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் அப்படியே ஆடினாள். பிள்ளையின் உச்சந்தலையில் மூக்கை வைத்து எதையோ முதலிலிருந்து கடைசிவரைக்கும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறவள் மாதிரி உதடு அசைந்தது.

"ரயில் பெட்டி நாப்பத்தியொண்ணு. மறக்காத," என்றாள். "சரி. கழட்டு."

முத்துப்பேச்சி கழற்றினாள், பழைய குழியில் வைத்து இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினாள், பெட்டியை ஓடவிட்டாள். திரை வெளுத்ததும் அவளுக்கு முதலில் வந்தது கூட்ஸ் வண்டியின் சத்தம், பிறகு நாற்பத்தியோரு பெட்டி, பிறகு சிட்டு, எட்டு மாதமும் மொத்தமாக, தொண்டைவரைக்கும். திருப்புளியை எங்கே போட்டாள் என்று தெரியவில்லை.

"இந்தா, உம்பிள்ளையப் பிடி," என்றாள் பொன்ராணி. "எம்புட்டு நேரமா நான் வச்சிருக்கேன், கை கடுக்குது."

முத்துப்பேச்சி வாங்கி முகத்தோடு சேர்த்துக்கொண்டாள். பிள்ளையைக் கொடுத்த பிறகும் பொன்ராணியின் கை மடங்கியே இருந்தது. அவள் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு ஆடிக்கொண்டே இருந்தாள்.

"என்னளா அப்படிப் பாக்க?"

"ஒண்ணுமில்ல மைனி."

"அண்டா கழுவாமக் கெடக்கு, போறேன்," என்று அவள் படியிறங்கினாள். தோளில் எட்டு மாதப் பிள்ளை சாயுமளவுக்குக் கையை வளைத்து, மெல்ல ஆடி ஆடி, வெயிலில் நடந்தாள். வாசலில் நின்ற கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. சங்கரலிங்கம் சைக்கிளை ஓரமாகத் தள்ளிவைத்து, தூங்குகிற பிள்ளைக்கு வழிவிடுகிற மாதிரி, மணி அடித்துவிடாதபடி அதைக் கையால் பொத்திக்கொண்டார்.